பிடி அரிசிப் பாட்டு

பாட்டே வராத ஒருத்தி தெரு நெடுக வாய் ஓயாமல் பாடிக்கொண்டு போவது எதற்காக?

ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்குப் பின்புறம் இருக்கிற எங்கள் தெருவில், சிறு பிள்ளைகளாக இருந்தபோது இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் சவுரியம்மாள் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நிற்பாள். அங்கே பிடிக்கும் பாட்டு தெருக்கோடி வரைக்கும் நிற்காது. ராகம் இல்லை, தாளம் இல்லை. அது கோயிலில் பாடுகிற பாட்டும் அல்ல. வீட்டுக்காரர்களின் பெயர்கள்தான் பாட்டு.

"சூசையப்பன் வீட்டு ரெண்டு பிடி சாமி, அவங்க கூரையப் பாரு சாமி. மரியாயி வீட்டு மூணு பிடி சாமி, அவ பையன் இருமலப் பாரு சாமி."

பக்தி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். புத்தி கொஞ்சம் கம்மி என்றார்கள் சிலர். இரண்டும் சரியில்லை. பிற்பாடு சவுரியம்மாளே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லாமல் விட்ட இடங்களை அவள் கணவன் சின்னப்பன் சொன்னார். கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறேன்.

அந்தத் துணிப்பைக்குக் கோயில் பை என்று பெயர். தெருவில் பத்தொன்பது கத்தோலிக்கக் குடும்பங்கள். வாரத்தில் பாதி நாள் களிதான். ஆனால் சோறு ஆக்குகிற நாளெல்லாம், உலையில் அரிசி போடுவதற்கு முன் வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு சின்னச் சட்டியில் போட்டு வைப்பாள். சனிக்கிழமை கோயில் பை வரும்போது அந்தச் சட்டியைக் கவிழ்த்துவிடுவாள். அப்படிச் சேர்ந்த அரிசி, கோயிலில் உபதேசியார் அளந்து பார்த்த பிறகு, தெருக்கோடியில் படுத்திருந்த ஆரோக்கியமேரிக்குப் போகும். ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி சாய்ந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து அவள் எழுந்து நடந்ததில்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் தங்கச்சி வந்து பொங்கிப்போட்டுவிட்டுப் போவாள். பொங்குவதற்கு அரிசி இந்தப் பையிலிருந்துதான் வரவேண்டும்.

பையைச் சுமக்கிற வேலை சவுரியம்மாளுக்குக் கிடைத்தபோது அவள் மூன்று நாள் பூரித்துப்போயிருந்தாள். அதுவரைக்கும் அவளை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. காலையில் சாயபுமார் தெருவில் முனவ்வர் பேகம் வீட்டில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக் கொடுப்பாள். பிறகு டேனரிக்குப் போய் ஆவாரம்பட்டை இடிப்பாள். தோலைத் துவர வைப்பதற்கு அந்தப் பட்டைத்தூள் வேண்டும். இடித்துக்கொண்டே இருந்ததில் அவள் சேலை, தலைமயிர் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். பையைத் தோளில் போட்ட பிறகுதான் வீடுகளில் "வா சவுரி, உக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தப் பையிலிருந்துதான் அவள் அரிசி எடுத்துத் தின்றாள்.

பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுகிற பழக்கம் நம் பெண்பிள்ளைகளில் பலருக்கு உண்டு. அரிசி தின்றவள் கல்யாணத்தில் மழை கொட்டும் என்று கேலி செய்வார்கள். சவுரியம்மாளின் கல்யாணம் சித்திரை வெயிலில் நடந்தது. ஒரு சொட்டு விழவில்லை. அவள் அப்போதெல்லாம் அரிசி தின்றதில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் ஆசை வந்தது. மசக்கை என்று யாரும் தடுக்கவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. மசக்கை போன பிறகும் வாய் நிற்கவில்லை.

முதலில் ஒரு சிட்டிகை. பிறகு ஒரு பிடி. பிறகு முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பிடி இருக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. சோற்றில் அவளுக்கு ஆசையே இல்லை. சின்னப்பன் முன்னால் நாலு கவளம் அள்ளிப்போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். காய்ந்த அரிசி கடைவாயில் நொறுங்குகிற சத்தமும், அதிலிருந்து ஊறுகிற மாவுப்பாலும்தான் வேண்டும். நகங்கள் வெளுத்துப்போயின. கிணற்றிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். வீட்டு அரிசியில் கை வைத்தால் சின்னப்பனுக்குத் தெரிந்துவிடும். முனவ்வர் பேகம் வீட்டில் ஒவ்வொரு முறத்துக்கும் கணக்கு உண்டு. கோயில் பைக்கு மட்டும் அவள் கையிலிருந்து உபதேசியார் கைக்குப் போகிறவரை கணக்கு இல்லை.

இதில் அவளை அதிகம் வதைத்தது வேறொன்று. மாதத்துக்கு ஒருமுறை சாமியார் ரயிலில் வந்து பூசை வைப்பார். பூசையில் நன்மை என்னும் திருவப்பத்தை வாங்குகிறவர்கள் அதற்கு முந்தின நடுராத்திரியிலிருந்து வாயில் ஒன்றும் போடக்கூடாது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சவுரியம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் தட்டிக்கழித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவள் கண் விழிக்கும்போதே பல் அரைத்துக்கொண்டிருக்கும். கை எப்போது முடிச்சுக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. எல்லாரும் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியருகே போய் முழங்காலில் நிற்கும்போது அவள் தூணுக்குப் பின்னால் குனிந்திருப்பாள். இப்படி ஒன்றரை வருஷம்.

இதற்குள் பையில் குறைவது உபதேசியார் ராயப்பன் கண்ணில் பட்டுவிட்டது. உபதேசியார் நல்ல மனிதர். சாமியார் இல்லாத நாட்களில் கோயிலை நடத்துகிறவர், ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டார். வழக்கமாக மூன்று படி வருகிற அரிசி இரண்டரையாகி, இரண்டேகாலாகிவிட்டது. சவுரியம்மாளைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. பெண்களின் பிடி சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தார். அதிலும் அமிர்தவள்ளியின் பிடி. அவள் ஒல்லியானவள், விரல்கள் குச்சி குச்சியாக இருக்கும். இந்தக் கையில் என்ன நிற்கும் என்று அவள் வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டார். அமிர்தவள்ளி அன்றைக்கு முழுதும் அழுதாள்.

அடுத்த ஞாயிறு உபதேசியார் ஒரு புது ஏற்பாடு சொன்னார். இனிமேல் கோயிலுக்கு எடுக்கிற பிடியை வீட்டு ஆண்பிள்ளைதான் எடுக்கவேண்டும். ஆண் கை பெரிய கை, குறைவு சரியாகிவிடும்.

தெருவே சிரித்தது. அடுப்படிப் பக்கமே வராதவர்கள் உலை கொதிக்கிற நேரத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார்கள். ஒருவர் குளிக்கிற இடத்திலிருந்து ஈரத்துணியோடு வந்து பிடித்ததில் சட்டி அரிசியெல்லாம் பூஞ்சணம் பூத்துவிட்டது. உபதேசியார் மறந்த விஷயம் ஒன்று உண்டு. தெரு ஆண்களில் பாதிப் பேர் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர்கள். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, நாள் முழுதும் புரட்டிப் புரட்டி எடுக்கிற கைகள். உள்ளங்கை வெடித்து, விரல்கள் விறைத்து, முஷ்டி மூடாது. சின்னப்பன் ஒரு பிடி எடுத்தால் பாதி விரலிடுக்கில் ஒழுகிவிடும்.

"உங்க உபதேசியார வந்து என் கைய மூடச் சொல்லு. மூடிட்டார்னா நான் ரெண்டு பிடி போடறேன்" என்றார் அவர் மனைவியிடம்.

அவள் சிரிக்கவில்லை. ஒழுகி விழுந்த அரிசியைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கியது வாய்க்குப் போயிற்று.

குறைவு சரியாகவில்லை, இன்னும் குறைந்தது. அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று உபதேசியார் இன்னொன்றும் சொன்னார். ஆண்டவர் உயிர்த்த திருநாளான பாஸ்கா சமயத்தில் நன்மை வாங்குவது ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் கடமை. வாங்காதவர் எவரானாலும் பாஸ்காவுக்குப் பிறகு கோயில் காரியம் எதையும் கையில் தொடக்கூடாது. விளக்கேற்றுகிறவர், மணியடிக்கிறவர், பை சுமக்கிறவர், எல்லாருக்கும் இது பொருந்தும். பேர் பேராகப் பார்ப்பேன் என்றார்.

அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சவுரியம்மாள் மட்டும் கணக்குப் போட்டாள். ஆறு வாரத்துக்குள் அரிசியை விடவேண்டும். இல்லாவிட்டால் பை போய்விடும். பை ஏன் போயிற்று என்று தெரு கேட்கும். கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

அவள் செய்த முதல் காரியம் ஒருசந்தி பிடித்தது. தபசு காலத்தில் பெரியவர்கள் ஒருவேளை சாப்பிட்டு இருப்பது வழக்கம்தான். அவள் அந்த ஒருவேளையையும் விட்டாள். பட்டினி கிடந்தால் ஆசை செத்துவிடும் என்று நினைத்தாள். நடந்தது நேர்மாறு. வெள்ளிக்கிழமை முழுதும் பச்சைத் தண்ணீரோடு இருந்தவள், சனிக்கிழமை பையோடு திரும்பும்போது வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து பைக்குள்ளேயே கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றாள். தாடை வலிக்கிறவரை தின்றாள். அன்றைக்குத்தான் பை இரண்டு படிக்கும் கீழே போனது. பட்டினி அவளுக்கு மருந்தாக இல்லை. தபசு என்று பேர் வைத்ததால் மட்டும் அது தபசாகிவிடாது என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

அந்த வருஷம் தபசு காலத்தின் நடுவிலேயே ரம்ஜானும் வந்தது. முனவ்வர் பேகம் ரோஜா, அதாவது ரம்ஜான் நோன்பு, பிடித்திருந்தார். மற்ற நாளில் வாய் ஓயாமல் பேசுகிறவர், அந்த மாதத்தில் உதடு காய்ந்து சுவரோரம் உட்கார்ந்து சவுரியம்மாள் புடைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முறத்தைக் கீழே வைக்கச் சொன்னார்.

"நான் ரோஜா இருக்கறேன்னு நீ எதிர்ல தின்னக்கூடாதுன்னு இல்ல சவுரி. எனக்கு அதுல கோவம் கிடையாது. ஆனா ஒண்ணு கேக்கறேன். சாப்புடறவ மொகத்துல ஒரு குஷி இருக்கும். உன் மொகத்துல இன்னாத்துக்கு எப்பவும் திருடன் பார்வை?"

சவுரியம்மாள் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். பேகம் முறத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினார். நாலு அரிசிக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு மனுஷி பகல் முழுதும் தண்ணீர்கூட இல்லாமல் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தான் நாள் முழுதும் மென்றுகொண்டு செத்துக்கொண்டிருக்கிறோம். இது எப்படி? அந்தக் கேள்வி அவளை டேனரி வரைக்கும் துரத்தியது. பட்டை இடிக்கும்போதும் விடவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தன்னைத் தின்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

யாரிடம் சொல்வது? சின்னப்பனிடம் சொன்னால் அவர் வருத்தப்படுவார், அவ்வளவுதான். உபதேசியாரிடம் சொன்னால் அவர் அதற்கும் ஓர் ஏற்பாடு கண்டுபிடிப்பார். யாருடைய அரிசியோ அவளிடம்தான் சொல்லவேண்டும் என்று அன்று சாயங்காலமே ஆரோக்கியமேரி குடிசைக்குப் போனாள்.

ஆரோக்கியமேரிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லையே தவிர, வாய்க்கும் காதுக்கும் ஒரு குறையும் இல்லை. தெருவில் யார் வீட்டுக் கோழி முட்டையிட்டாலும் படுத்தபடியே சொல்லிவிடுவாள். சவுரியம்மாள் பாயோரம் உட்கார்ந்து நேராகச் சொல்லிவிட்டாள்.

"உன் அரிசிய நான்தான் தின்னேன்."

"எந்த அரிசி?"

"பிடி அரிசி. பச்சையா. ஒன்ற வருஷமா."

ஆரோக்கியமேரி தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள்.

"எம்மாந் தின்னே?"

"வாரத்துக்கு அரைப்படி. சில வாரம் ஜாஸ்தி."

"அடிப்பாவி. நான் அமிர்தவள்ளியத் திட்டினேன். உபதேசியாரத் திட்டினேன். எலிக்குக்கூட சாபம் வுட்டேன்."

சவுரியம்மாள் தலையைத் தூக்கவில்லை. இப்போது கத்துவாள், தெருவே கூடிவிடும் என்று காத்திருந்தாள். ஆரோக்கியமேரி கையை நீட்டினாள்.

"முடிச்சுல இருக்குதா? குடு. அதுல அப்படி இன்னா இருக்குதுன்னு பாக்கறேன்."

நாலு அரிசியை வாங்கி வாயில் போட்டு மென்றாள். மென்று முகத்தைச் சுளித்துச் சுவரோரம் துப்பினாள்.

"சுண்ணாம்பு மாதிரி இருக்குது. இதுக்கா?"

"ருசிக்கு இல்ல மேரி. வாய் சும்மா இருந்தா பயமா இருக்குது. அந்தப் புள்ள போனதுலேர்ந்து."

இதை அவள் அதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆரோக்கியமேரியும் கேலியை விட்டுவிட்டாள். செபம் செய்து பார்த்தாயா என்று கேட்டாள். தினம் செய்வதாகவும், மாதாவுக்குச் சொல்லுகிற ஒரு பிரியதத்த மந்திரம் முடிவதற்குள் கை முடிச்சுக்குப் போய்விடுவதாகவும் சவுரியம்மாள் சொன்னாள்.

"மனசுக்குள்ள சொல்றியா?"

"ஆமா."

"மனசுக்குள்ள சொன்னா வாய் சும்மாதானே கெடக்குது. வாயத் தொறந்து சொல்லு. நான் இங்க பகல் பூரா படுத்துக்கினு தெருவக் கேக்கறது தவிர இன்னா பண்றேன்? மொத வூட்லேர்ந்து என் வாசல் வரைக்கும் உன் சத்தம் எனக்கு வந்துக்கினே இருக்கணும். நின்னா மெல்றன்னு அர்த்தம். நான் கூப்புடுவேன்."

"எனக்குப் பாட்டு வராது."

"யாரு கச்சேரி கேட்டது? போட்டவங்க பேரச் சொல்லு. அவங்களப் பாத்துக்கன்னு சாமியக் கேளு. தின்னவ நீ, போட்டவங்க அவங்க. அவங்களுக்கு அதயாவது செய்யி."

எழுந்திருக்கும்போது சவுரியம்மாள், என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டாள்.

"இப்ப சொல்ல மாட்டேன். மொதல்ல பை ரொம்பட்டும்" என்றாள் ஆரோக்கியமேரி.

அந்தச் சனிக்கிழமை தெரு முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டது. சவுரியம்மாளுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. பிள்ளைகள் பின்னாலேயே வந்து கோமாளி பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இப்போது எழுதுகிற எனக்கும் அதில் பங்கு உண்டு. ஏழு வீடு வரைக்கும் சத்தம் வந்தது. எட்டாவது வீடு தாண்டி, வேலி மறைவு வந்ததும் நின்றுபோயிற்று. பழகிய இடம், கை பைக்குள் போய்விட்டது. ஒரு பிடி வாயருகே வந்துவிட்டது.

தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது. "இன்னாடி சவுரி, சத்தத்தக் காணோம்?"

தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. சவுரியம்மாள் கையில் இருந்ததைப் பைக்குள்ளேயே உதறிவிட்டுத் தொண்டை கிழிய அடுத்த பெயரைச் சொன்னாள். அடுத்த பெயர் அமிர்தவள்ளி. "அமிர்தவள்ளி வீட்டு ஆறு பிடி சாமி, அவ கண்ணீரப் பாரு சாமி." அமிர்தவள்ளி கதவோரம் நின்று கேட்டாள். தெருவிலேயே அந்த வாரம் ஆறு பிடி போட்டவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

இரண்டாம் சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. சவுரியம்மாள் வருவதற்கு முன்பே வீட்டுக்காரிகள் வாசலில் காத்திருந்தார்கள். ஒருத்தி, தன் மகன் கோலார் தங்கவயலுக்குப் போயிருக்கிறான், அவன் பேரையும் சேர்த்துச் சொல்லு என்றாள். ஒருத்திக்குப் பல்வலி. ஒருத்தி வீட்டுப் பசு சினையாகவில்லை. சவுரியம்மாள் வாயை நிறுத்தாமல் இருக்கத்தான் பாட ஆரம்பித்தாள். இப்போது ஒவ்வொரு வீட்டையும் உண்மையிலேயே நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அந்த வீட்டில் என்ன துக்கம், இந்த வீட்டில் யாருக்கு நோய் என்று யோசிப்பதில் வேலி மறைவு எப்போது கடந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உபதேசியார் மூன்று படி அளந்து, இரண்டாம் தடவையும் அளந்து பார்த்தார். ஆண் கையின் மகிமை என்று சொன்னார்.

பாஸ்காவுக்கு முந்தின நாள் மத்தியானம் சாமியார் ரயிலில் வந்திறங்கினார். வெள்ளைக்காரச் சாமியார், தமிழ் நன்றாகப் பேசுவார். பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, அரிசி தின்றேன் என்றாள் சவுரியம்மாள். நாம் எல்லாரும் தின்கிறோமே மகளே என்றாராம் அவர். வேகாத அரிசி சாமி என்றாள். அவர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. எவ்வளவு, எப்போதிலிருந்து, வயிறு வலிக்காதா, மூச்சு வாங்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பெரிய பிராயச்சித்தம் வரும் என்று அவள் பயந்திருந்தாள். ஏழைப் பெண்ணின் பங்கை எடுத்தது தவறு, அதை அவளுக்குத் திருப்பவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வீண்பழி சுமந்தவளின் பேரைத் தெளிவுபடுத்தவேண்டும் என்றார். மற்றபடி ஐந்து பிரியதத்த மந்திரம்தான். கடைசியில், இது பாவம் மட்டும் இல்லை, உடம்பிலும் ஏதோ இருக்கிறது, வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டு என்று சொல்லி அனுப்பினார்.

இனி ஒரு காலை மட்டும்தான் மீதி. சனிக்கிழமை சாயங்காலமே முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினாள். வீட்டு அரிசிப் பானையைச் சின்னப்பன் கையில் கொடுத்து முனவ்வர் பேகம் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். அப்போதுதான் அவரிடமும் சொன்னாள். சின்னப்பன் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளி முளைக்கிற நேரத்தில் அவளுக்கு விழிப்பு வந்தது. கை தானாக முடிச்சைத் தேடியது. முடிச்சில் ஒன்றும் இல்லை. பானை இருந்த மூலைக்கும் போய்த் தடவியது. பிள்ளை போன அன்றைக்கு வந்த அதே பயம் நெஞ்சில் ஏறியது. அவள் எழுந்து உட்கார்ந்து, முதல் வீட்டிலிருந்து பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். சூசையப்பன், மரியாயி, கோலாருக்குப் போன பையன், பல்வலிக்காரி, பசு. சாயபுமார் தெருவில் நோன்புக்கு எழுப்புகிறவனின் தட்டு ஓசை கேட்டது. முனவ்வர் பேகத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். கடைசியாக இதுவரை ஒரு தடவையும் சொல்லாத ஒரு பெயரைச் சொன்னாள். மூன்று நாள் இருந்த பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் அது. பக்கத்தில் படுத்திருந்த சின்னப்பன் விழித்துத்தான் இருந்தார். அவரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். கோயில் மணி அடிக்கும்வரை இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குச் சவுரியம்மாள் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. கிராதியருகே முழங்காலிட்டாள். நன்மையைப் பல்லில் படாமல் வாங்கவேண்டும் என்று ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே சொல்லித்தருவார்கள். நாவின்மேல் அப்படியே வைத்துக் கரையவிட வேண்டும்; மெல்லக்கூடாது. மசக்கை நாளிலிருந்து மூன்று வருஷமாக ஓயாமல் அரைத்த வாய் அது. கடைவாய் நடுங்கியது என்று அவள் சொன்னாள். நடுங்கியும் அசையவில்லை. நாவில் அது கரைந்து போகிறவரை வாய் சும்மா இருந்தது. பயமாக இல்லை.

பூசை முடிந்ததும் கோயில் பையை எடுத்துக்கொண்டு போய் உபதேசியார் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அமிர்தவள்ளியையும் கூட்டிவந்து நிறுத்தி அவளெதிரேயே சொன்னாள். தன் காரணம் தப்பிப்போனது உபதேசியாருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மனிதர் அமிர்தவள்ளியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். ஆண் பிடி ஏற்பாடு அன்றோடு முடிந்தது. பையை இனி யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, ஆரோக்கியமேரியைக் கேட்போம், அவள் அரிசி என்று யாரோ சொன்னார்கள். எல்லாருமாக அவள் குடிசைக்குப் போனார்கள்.

"அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஆரோக்கியமேரி. "வேற யார்கிட்டயாவது குடுத்தா அவங்க தின்றது எனக்குக் கேக்காது."

பிறகு சவுரியம்மாளைப் பார்த்து, "மன்னிச்சாச்சு, போய்க் கஞ்சி குடி" என்றாள்.

பாஸ்கா கழிந்து ஒரு வாரத்தில் சின்னப்பன் அவளைக் காட்பாடியில் இறக்கி வேலூருக்குக் கூட்டிப்போனார். ரத்தம் இல்லை என்று சொல்லி, கறுப்பாக ஒரு இரும்பு மருந்து கொடுத்தார்கள். முருங்கைக்கீரை தினம் சேர்க்கச் சொன்னார்கள். நாலைந்து மாதத்தில் நகத்தில் நிறம் வந்தது. அரிசி வாசனை வந்தால் நாக்கில் ஊறுவது குறைந்தது. மருந்தா, செபமா, எது குணப்படுத்தியது என்று ஒருமுறை கேட்டேன். இரண்டையும் அனுப்பியவர் ஒருவர்தான் என்றாள். அதற்குப் பிறகும் மூன்று தடவை தவறியதுண்டு. ஒவ்வொரு தடவையும் மறுநாளே போய் ஆரோக்கியமேரியிடம் சொல்லிவிட்டாள். எடுத்த அரிசிக்குப் பதிலாக, ஒரு வருஷம் வரை தன் வீட்டுச் சட்டியில் ஒன்றுக்கு இரண்டு பிடி போட்டாள்.

ஆரோக்கியமேரி நாலு வருஷம் முன்பு இறந்துபோனாள். இப்போது அரிசி வேறு இரண்டு வீட்டுக்குப் போகிறது. தெருக்கோடியில் காது கொடுத்துப் படுத்திருக்க யாரும் இல்லை. சவுரியம்மாள் இன்னும் சனிக்கிழமை பாடிக்கொண்டுதான் போகிறாள். அரிசி தின்று பல வருஷம் ஆயிற்று. இப்போது யார் கேட்கிறார்கள் என்று பாடுகிறாய் என்று கேட்டதற்கு, "பேர் சொல்லலன்னா வூட்டுக்காரிங்க சண்டைக்கு வர்றாங்களே" என்று சிரித்தாள். அந்த வரிசையில் கடைசிப் பெயர் இப்போது ஆரோக்கியமேரி.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அவள் தயங்கவில்லை. தன் பெயரை மாற்றவேண்டாம் என்றாள். அமிர்தவள்ளியின் பிடிதான் தெருவிலேயே பெரிய பிடி என்பதை மட்டும் மறக்காமல் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முந்தானையில் முடிச்சு வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மென்றுகொண்டிருக்கிற ஒருத்தி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். அவளைக் கேலி செய்யாமல், அடுத்த முறை சேர்ந்து அரிசி புடைக்கும்போது இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவளாக இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.